வீட்டில் ஓட்ட ஆள் இல்லை

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், வந்தவர்கள் குளிர் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள், என் கணவர் அவர்களைக் கூடத்துச் சுவரில் தொங்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். கதவில் எண் எழுதிய ஒரு கார். அதன் மேல் சாய்ந்தபடி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெண். "யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?" என்பார். வந்தவர்கள் விழிப்பார்கள். "என் வீட்டுக்காரிதான்! சோழவரத்துல கார் ரேஸ் ஓட்டினவ!" எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். நான் காபி கொண்டுவந்து வைப்பேன். கிளம்பும்போது, கனடாவில் நாங்கள் இருக்கும் இந்தத் தீவில் பஸ்ஸை நம்ப முடியாது என்று அவர்களை அவரே காரில் ஏற்றிக்கொண்டு போய் மெட்ரோவில் விட்டுவருவார். சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். கிட்டத்தட்ட ஐம்பது வருடமாக அது அங்கேதான் இருந்தது.

இப்போது அதற்கு டூரிங் கார் ரேஸ் என்று பெயர். நாங்கள் சலூன் கார் ரேஸ் என்போம். விஷயம் ஒன்றுதான். ரேசுக்கென்று செய்த வண்டி இல்லை. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆபீசுக்கும் போகிற வீட்டுக் கார். வெள்ளிக்கிழமை மாலை அப்பா பின் சீட்டைக் கழற்றி வராந்தாவில் போடுவார். முன்விளக்குக் கண்ணாடி உடைந்தால் தெறிக்காமல் இருக்க அதன் மேல் பெருக்கல் குறியாகப் பிளாஸ்திரி ஒட்டுவார். கதவில் எண்ணை எழுதுவது என் வேலை. கேன்வாஸ் ஷூவுக்குப் பூசுகிற வெள்ளையால் எழுதுவேன். திங்கட்கிழமை காலை அதே காரில், எண் சரியாக அழியாத கதவோடு, அப்பா ஆபீஸ் போவார். அந்தக் கழற்றிய சீட்டில் உட்கார்ந்துதான் அம்மா ஞாயிறு முழுக்க எங்களுக்காக வேண்டிக்கொண்டிருப்பாள்.

சோழவரம் ஒரு பழைய யுத்தகால விமான ஓடுதளம். வைக்கோல் கட்டுகளையும் தார் டிரம்களையும் வைத்து வளைவு என்று காட்டியிருப்பார்கள். சவுக்குக் கட்டையில் சாரம் கட்டி அதன் மேல் ஜனங்கள். பெண்கள் ரேஸ் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரும். ஆண்கள் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம் அல்லவா, அதற்காக. "அடுப்பை அணைச்சுட்டு வந்தாங்களா தெரியலையே" என்று ஒலிபெருக்கிக்காரர் ஜோக் அடிப்பார். சாரமே அதிரச் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு இப்போது நினைத்தாலும் எரிகிறது.

ஆனால் கொடி விழுந்த பிறகு ஒன்றும் கேட்காது. கான்கிரீட் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் தடதடப்பு மட்டும்தான். கடைசி வளைவில் மற்றவர்கள் பிரேக்கில் கால் வைத்த இடத்தைத் தாண்டியும் நான் கால் வைக்கவில்லை. உள்பக்கமாக நுழைந்து ஒருத்தியைத் தாண்டினேன். அவள்தான் முன்னால் இருந்த கடைசி ஆள். என் வாழ்க்கையில் முழுசாக எனக்கென்று கிடைத்த சந்தோஷம் எது என்று கேட்டால், பிள்ளை பிறந்ததைக்கூட அப்புறம்தான் சொல்வேன். ஆண்களுக்கு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். எனக்குப் பிரஷர் குக்கர்.

போன வருடம் என் மகன் அந்தக் காலத்து ரேஸ்களைப் பற்றிய ஒரு பழைய படத் துணுக்கைப் போனில் அனுப்பினான். முழுக்க ஆண்கள். பெண்கள் ரேஸ் சமயத்தில் கேமராக்காரரும் சாப்பிடப் போயிருப்பார் போலிருக்கிறது.

அப்பா செய்த தவறு அந்தப் போட்டோதான். மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணின் போட்டோ அனுப்புவதென்றால், ஸ்டூடியோவில் பட்டுப் புடவையோடு, பூச்சாடிக்குப் பக்கத்தில் நின்று எடுத்ததைத்தான் அனுப்புவார்கள். எனக்கும் அப்படி ஒன்று இருந்தது. ஆனால் பையன் கனடாவில் எஞ்சினியர், முற்போக்காக இருப்பான் என்று நினைத்து அப்பா ஜாதகத்தோடு காரின் மேல் சாய்ந்து நிற்கும் படத்தை வைத்து அனுப்பிவிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பதில் வந்தது: பையனுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதாம், இப்படிப்பட்ட பெண்தான் வேண்டுமாம். எனக்கு வந்த வேறு இரண்டு வரன்களையும் நான்தான் வேண்டாம் என்றேன். ஓட்டுகிற பெண்ணைப் பிடித்தவன் ஓட்ட விடுவான் என்று கணக்குப் போட்டேன். அவருக்குப் பிடித்தது போட்டோ என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

முதலில் நகரத்துக்குள், வில்லரே என்கிற பகுதியில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். வந்த அடுத்த வருடமே இங்கத்திய லைசென்சுக்குத் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி, முதல் தடவையிலேயே வாங்கினேன். அப்போது எங்களிடம் இருந்தது கியர் வண்டி. ஒரு சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தைக்கு நான்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்து உட்கார்ந்தேன். அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பார்த்து, பார்த்து" என்றார். ஒவ்வொரு சிக்னலிலும் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தார். சந்தைக்கு இரண்டு தெரு இருக்கும்போது, "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, நிறுத்து" என்றார். நிறுத்தினேன். இறங்கிச் சுற்றிப் போய் அவர் இடத்தில் உட்கார்ந்தேன். அவர் நெஞ்சு உடனே சரியாகிவிட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. பனி. கைக்குழந்தை. பிரெஞ்சில் எழுதிய சாலைப் பலகைகள். இன்ஷூரன்ஸ். புது வண்டி. "நான்தான் இருக்கேனே, உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்பார், மிகவும் அன்பாக. நான் சண்டை போடாமல் இல்லை. கத்தியிருக்கிறேன், பேசாமல் இருந்து பார்த்திருக்கிறேன், சமைக்காமலும் இருந்து பார்த்திருக்கிறேன். அடிக்கிறவரோ குடிக்கிறவரோ என்றால் நாலு பேரிடம் போய்ச் சொல்லலாம். தினமும் என்னை வேலைக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் சரியான நேரத்துக்கு வந்து நிற்கிற மனிதரைப் பற்றி யாரிடம் என்ன சொல்வது? என் தோழிகள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். லைசென்சை மட்டும் நான் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் புதுப்பித்தேன். எதற்கு என்று அவர் கேட்கும்போதெல்லாம், அடையாள அட்டைக்கு என்று சொன்னேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இல்-பிசார் என்கிற இந்தத் தீவில் வீடு வாங்கினார். அமைதியான இடம், தோட்டம், நல்ல காற்று. கார் இல்லாமல் ஒரு தேங்காய்கூட வாங்க முடியாத இடம். பிறகு அவர் கண்ணில் நடுப்பகுதிப் பார்வை போக ஆரம்பித்தது. முகத்தைப் பார்த்தால் முகம் தெரியாது, ஓரத்தில் நிழல் மட்டும் தெரியும் என்று டாக்டரிடம் சொன்னார். போன இலையுதிர் காலத்தில் அவருடைய லைசென்ஸ் பறிபோனது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. கூடவே, மனசின் ஒரு மூலையில், இனிமேல் என் முறை என்று தோன்றியது. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

"நான் ஓட்டறேன்" என்றேன்.

"வண்டியைத் தொட்டு எத்தனை வருஷமாச்சு உனக்கு?"

"தொட விடாதது யாரு?"

டிவி சத்தத்தைக் கூட்டினார். டிரைவிங் ஸ்கூலிலிருந்து ஒருவரை வரச் சொல்லிப் பழகிக்கொள்கிறேன் என்றேன். இந்த வயதில் ஊர் சிரிக்கும் என்றார். டொரோண்டோவிலிருந்து மகன் போனில் சமாதானம் பேசினான். "எதுக்கும்மா ரிஸ்க்? டாக்ஸி கூப்பிட்டுக்கோ." அப்பனும் பிள்ளையும் சேர்ந்து முடிவெடுத்து இணையத்தில் விளம்பரம் போட்டார்கள். நல்ல நிலையில் உள்ள கார், ஒரே உரிமையாளர், வீட்டில் ஓட்ட ஆள் இல்லாததால் விற்பனைக்கு. மகன்தான் எனக்குப் படித்துக் காட்டினான். அதில் தப்பு என்ன என்று அவனுக்கு உறைக்கவே இல்லை.

ஏப்ரலில், வாசலில் பனி பாதி கரைந்து சேறாகக் கிடந்த ஒரு நாள், வாங்க ஒரு பையன் வந்தான். வில்லரேயில் இருக்கிறானாம், யாழ்ப்பாணத்துக் குடும்பம். பிள்ளையைக் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் விட வண்டி வேண்டுமாம். கராஜில் வண்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம் என் கணவர் வழக்கமான கதையை ஆரம்பித்துவிட்டார். "எங்க வீட்டம்மா ரேஸ் ஓட்டினவங்க, தம்பி!"

அவன் என் பக்கம் திரும்பினான். "அப்ப ஏன் அன்ரி விக்கிறியள்? நீங்கள் ஓடுறேல்லையோ?"

இத்தனை வருடத்தில் அதை என்னிடம் நேராகக் கேட்ட முதல் ஆள் அவன். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார், "அவ எங்க ஓட்டறது! அதெல்லாம் அந்தக் காலம்."

"வெளியில எடுத்தால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுப் பாக்கலாம்" என்றான் பையன்.

"நான் எடுக்கிறேன்" என்று சொல்லி, இவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். இவர் தடுக்கவில்லை, வெளி ஆள் இருந்ததால். வண்டியைச் சரியாக எடுத்துத் தெருவில் நிறுத்திவிட்டு, இது விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிடுவதாக இருந்தேன். முடிவே பண்ணிவிட்டேன்.

ஸ்டார்ட் செய்தேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் எடுத்தேன். ஒரு பக்கம் கோடைக்கால டயர்கள், இன்னொரு பக்கம் பனி தள்ளும் மெஷின். நடுவில் வண்டி நேராகத்தான் போனது. கதவைத் தாண்டும்போது வேகத்தைக் குறைக்க நினைத்தேன். என்னைக் கேட்காமலே இடது கால் கிளம்பியது. அது கடைசியாக ஓட்டியது கியர் வண்டி. கிளட்ச் என்று நினைத்து, இருந்த பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்தியது. இந்த வண்டியில் கிளட்ச் கிடையாது. அழுந்தியது பிரேக். வண்டி கீச்சென்று கத்திக் குலுங்கி நின்றது.

என் கணவர் சிரித்தார். கண் போனதிலிருந்து அவர் அப்படி மனம்விட்டுச் சிரித்து நான் கேட்கவில்லை. "பார்த்தீங்களா தம்பி, ரேஸ்காரியை!"

"இது ஓட்டோமற்றிக்குப் புதுசா வாற எல்லாருக்கும் நடக்கிறதுதான், அங்கிள்" என்றான் பையன். இவர் காதில் அது ஏறவில்லை. அதற்குள் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு மறுபடி எடுத்தேன். சரிவில் இறங்கி, பனிக் குவியலுக்கும் தபால் பெட்டிக்கும் நடுவே ஒரே வளைவில் திருப்பி, நடைபாதை ஓரத்தில் கோடு போட்டமாதிரி நிறுத்தினேன். பையன் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தான். "நான்கூட இப்பிடி விடமாட்டன், அன்ரி" என்றான், மெல்ல.

என் கணவர் கராஜ் வாசலிலேயே நின்றிருந்தார். அவருக்குத் தெரு வரைக்கும் பார்வை எட்டாது. வண்டி கத்தியதை மட்டும் கேட்டிருந்தார். அதைத்தான் மகனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். "நல்ல வேளைடா, இப்பவாவது விக்கறோம்." நான் பக்கத்தில் வந்ததும் போனை என்னிடம் நீட்டினார்.

"அம்மா, அடி ஒண்ணும் படலையே?" என்று மகன் பதறினான்.

"ஒண்ணும் படலைடா" என்று சொல்லிவிட்டு, விற்பனைக்கு இல்லை என்று சொல்ல இருந்ததையும் விட்டுவிட்டு, சாவியை அந்தப் பையனிடம் கொடுத்தேன்.