நிழலில் கிடக்கும் ரம்பம்

அஞ்செட்டி சாலையில் டயர் மாற்ற எங்கள் பஸ் நிற்கிறது. பக்கத்துச் சரிவில், ஓசூர் கம்பெனி ஒன்றின் பாய்லருக்காகத் தைல மரம் வெட்டுகிறார்கள். புதிதாக வாங்கிய பெட்ரோல் ரம்பம் நிழலில் கிடக்கிறது.

"மெஷின் ரிப்பேரா?" கட்டை சுமந்து வரும் மாதம்மாவிடம் கேட்கிறேன்.

"அதுக்கென்ன சார், நல்லாத்தான் இருக்குது. காலையில ஒரு மணி நேரம் ஓடுச்சி, விழுந்த மரத்துல பாதையே அடைஞ்சிபோச்சி. அத்தனையும் நாங்க சுமந்து லாரில ஏத்துனாதான் மேல வெட்ட முடியும். பொழுது சாஞ்சிரும்."

ரம்பம் ஓட்டுகிற ஆபரேட்டரையும் மேஸ்திரி சுமக்க அனுப்பிவிட்டார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆபரேட்டரும் கட்டையோடு வருகிறார். பத்தடி நடப்பதற்குள் கட்டை சரிந்து விழுகிறது.

மாதம்மா தன் சுமையை இறக்கிவைத்து, அவர் துண்டை அவிழ்த்து, சும்மாடு சரியாகச் சுற்றித் தலையில் வைக்கிறாள்.

"இப்ப நடங்க. உங்க மெஷினு நமக்காகத்தான் காத்துக்கிட்டு கெடக்குது."