கோதண்டராமனுக்கு அடித்த மணி

ஞானதாஸுக்கு ஆரஞ்சுப் பழம் என்றாலே குமட்டும். சாகும்வரைக்கும் அந்தக் குமட்டல் போகவில்லை. தின்று வந்ததல்ல, சுமந்து வந்தது.

செங்கல்பட்டில் அவர் வேலை பார்த்த கிறிஸ்தவக் கோயிலில், டிசம்பர் மூன்றாம் வாரம் வந்தால் இரண்டு மூட்டை ஆரஞ்சும் நான்கு மூட்டை ரொட்டியும் வாங்கி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தர்ம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறுகிறவர் ஞானதாஸ். பின்னால் பட்டுப்புடவையும் சென்ட் வாசனையுமாகப் பாடிக்கொண்டு வருவது சபை. வார்டு வாசலுக்கு வந்ததும் பாட்டு நிற்காது, ஆனால் கைக்குட்டைகள் மூக்குக்கு ஏறிவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு சமாதானத்தைப் பற்றிப் பாடுகிற வித்தையை அங்கேதான் பார்க்கலாம்.

இவர்கள் மட்டுமா? அதே வாரத்தில் ஊரிலுள்ள மற்றச் சபைகளும் வரும். மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறவன் ஒரே நாளில் நாலு தடவை எழுந்து உட்கார்ந்து, நாலு ரொட்டி வாங்கி, நாலு கேமராவுக்கு முகம் காட்ட வேண்டும். ஜனவரி பிறந்ததும் கட்டிலுக்கடியில் பூசணம் பிடித்த ரொட்டியையும் அழுகி நீர்விட்ட ஆரஞ்சையும் பெருக்குகிற அம்மாள் வாளியில் வாரிக்கொண்டு போவாள். அப்புறம் பதினோரு மாசம் ஒரு சபையும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

ஞானதாஸ் அச்சரப்பாக்கம் பக்கத்துக் காலனிக்காரர். எண்பத்தொன்றில் கோயில் வேலைக்கு வந்தார். பெஞ்சு துடைப்பது, விளக்கேற்றுவது, குழி வெட்ட ஆள் பிடிப்பது, மணியடிப்பது எல்லாம் அவர் பாடு. அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. சபையில் யாராவது இறந்துபோனால் துக்க மணி அடிக்க வேண்டும், வயசுக்கு ஒரு அடி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிதானமாக ஒரு மூச்சு இடைவெளி விட்டு. மணி கேட்டால் சபையார் எங்கிருந்தாலும் வாய்க்குள் எண்ணுவார்கள். எழுபத்தெட்டில் நின்றால் இன்னார், அறுபத்தொன்றில் நின்றால் இன்னார் என்று ஆள் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். பதினாறு வருஷத்தில் ஞானதாஸ் ஒரு அடிகூடத் தப்பாக அடித்ததில்லை.

தொண்ணூறில் அவர் மனைவி சலோமி அந்தத் தர்ம ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்து செத்தாள். அந்தப் பத்தொன்பது நாளில்தான் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. மருந்து டாக்டர் கொடுப்பார், ஊசி நர்ஸ் போடுவாள். ஆனால் நாற்பது கட்டிலுக்கு ஒரே ஒரு வார்டு ஆள். தண்ணீர் எடுத்துக் கொடுக்க, புரட்டிப் படுக்கவைக்க, மலப் பாத்திரம் வைத்து எடுக்க, பக்கத்தில் சொந்தமாக ஒரு ஆள் இல்லாதவன் பாதி செத்தவன். சலோமி போன பிறகும் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த வார்டுக்குப் போய், சாயங்கால மணியடிக்கும் நேரத்துக்குத் திரும்பி வருவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. போய் ஜெபமெல்லாம் செய்ய மாட்டார். ஆள் இல்லாதவனாகப் பார்த்துக் கக்கூஸுக்குக் கூட்டிப்போவார்.

தொண்ணூற்றேழில், அவராகவே யோசித்து, கமிட்டியில் போய் நின்றார். "இருநூறு குடும்பம் கீறோம். ஒரு நாளைக்கு ஒரு வூட்டுலேர்ந்து ஒரு ஆளு, ரெண்டு மணி நேரம் வந்து அங்க ஒக்காந்தா போதும். வருசத்துக்கு ஒருக்கா, மிஞ்சிப்போனா ரெண்டு வாட்டிதான் மொற வரும்," என்றார்.

கோயில் குருவான ஐயர் சந்தோஷப்பட்டார். செயலர் மாசிலாமணி அதைவிடச் சந்தோஷப்பட்டார். தாலுகா ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், பத்துப் பேர் கூடினால் ஒரு தீர்மானம் போடாமல் எழுந்திருக்க மாட்டார். திட்டத்துக்கு 'ஆறுதல் ஊழியம்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு பேனர் எழுதினார்கள். சட்டையில் குத்திக்கொள்ள நீல ரிப்பன் வந்தது. ஒரு நீளமான நோட்டுப் போட்டு, வாசித்த வேதபாகம், ஜெபித்த நேரம், கையெழுத்து என்று கோடு கிழித்தார்கள். கடைசியில், நோயாளிகளைத் தொட வேண்டாம், தொற்று வரும் என்று ஒரு விதியும் சேர்த்தார்கள்.

"தொடாம எப்டி சார் தண்ணி குடுக்கறது?" என்றார் ஞானதாஸ்.

"அதுக்கு ஆஸ்பத்திரியில ஆள் இருக்காங்க ஞானதாஸ். நம்ம பொறுப்பு ஆத்துமா," என்றார் மாசிலாமணி.

ஞானதாஸ் கேட்டது வேலைக்கு ஆள். வந்து சேர்ந்தது ரிப்பன். முறைக்காரர்கள் வந்தார்கள், வாசலோரக் கட்டிலண்டை நின்று வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தார்கள், நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள், கால் மணியில் ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. தண்ணீர் கேட்டவனுக்கு ஜீவத்தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனவரும் உண்டு. பக்கத்தில் பானை இருந்தது, தம்ளர் இருந்தது. ஞானதாஸ் வழக்கம்போல இரண்டு மணிக்கு வந்து, வழக்கம்போலப் பாத்திரம் எடுத்தார்.

அந்த டிசம்பரில் மூன்றாம் கட்டிலுக்கு வந்தவர் கோதண்டராமன். மாமல்லபுரத்துப் பட்டறையில் இருபத்தைந்து வருஷம் கல் கொத்தியவர். நெஞ்சு முழுக்கக் கல் தூசி. நாற்பத்து மூன்று வயசுக்கு அறுபது வயசு முகம், குச்சிக் கால். மனைவி செங்கமலம் கடற்கரை ஓட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கிறவள். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு நாள் லீவு போட்டாலும் வேலை போய்விடும்.

"இன்னும் பத்து நாளுல வூட்டுக்கு அனுப்பறேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுவரைக்கும் யாராவது பாத்துகினா போதும் அண்ணாத்த," என்றாள்.

"நீ போம்மா. நா கீறேன்," என்றார் ஞானதாஸ்.

கோதண்டராமனுக்கு ஒரு கூச்சம். நாற்பது பேருக்கு நடுவில் கட்டிலிலேயே பாத்திரம் வைத்துப் போகமாட்டார். எழுந்தாலோ கால் துவளும். காலையில் வார்டு ஆள் ஒருமுறை கூட்டிப்போவார். அப்புறம் ஞானதாஸ் வருகிற இரண்டு மணிவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். ஞானதாஸ் தலையைக் கண்டதும் அந்த முகம் தெளிகிற தெளிவு இருக்கிறதே, அதற்காகவே அவர் ஒரு நாளும் பிந்தியதில்லை.

ஒரே ஒரு நாள் தவிர. இருபத்துமூன்றாம் தேதி, கோயிலில் நட்சத்திரம் கட்டவும் பெஞ்சு மாற்றிப்போடவும் ஆள் இல்லை என்று மாசிலாமணி அவரைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும் சார்."

"இன்னிக்கு என் முறைதான்யா. போட்டோகிராபரோட போறேன். நான் பாத்துக்கறேன்."

ஞானதாஸ் ஏணியிலிருந்து இறங்கி வந்து சொன்னார். "ஒண்ணே ஒண்ணு சார். மூணாவது கட்டிலு. கைத்தாங்கலா கக்கூஸுக்கு இட்டுகினு போயிட்டு, திரும்பக் கொண்டாந்து படுக்க வச்சிடணும். வேற எதுவும் வாணாம்."

"சரிப்பா, சரி," என்றார் மாசிலாமணி. அவர் கண் நட்சத்திரம் நேராக இருக்கிறதா என்பதில் இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஞானதாஸ் ஓடினார். மூன்றாம் கட்டிலில் பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். பக்கத்து ஸ்டூலின்மேல் ஒரு ரொட்டியும் ஒரு ஆரஞ்சும் இருந்தன. நாலாம் கட்டில்காரர் அமானுல்லா, திருக்கழுக்குன்றத்தில் தையல் கடை வைத்திருந்தவர். அவர் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவர்தான் சொன்னார்.

"கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டாரு, அண்ணாத்த. கொஞ்சம் புடிச்சுகினு போறீங்களான்னு. அந்த சாரு கர்ச்சீப்ப மூக்குல வச்சுகினு, நடக்க முடியாதவன் எந்திரிச்சு நடந்த கதைய எடுத்துப் படிச்சாரு. நீயும் நம்புனா நடக்கலாம்னு சொன்னாரு. தலைல கை வச்ச மாதிரி போட்டோ புடிச்சாங்க. பொஸ்தகத்துல கையெய்த்துப் போட்டுட்டுப் பூட்டாரு. இவுரு எவ்ளோ நேரந்தான் அடக்குவாரு? செவுத்தப் புடிச்சுகினு தானே போனாரு. வுயுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கத்தனேன். ஆளு வர்றதுக்குள்ள மண்டைல அடிபட்டு எல்லாம் முடிஞ்சுபோச்சு."

ஞானதாஸ் நோட்டைத் திறந்து பார்த்தார். அழகான ஆபீஸ் கையெழுத்து. 'மூன்றாம் கட்டில். பத்து நிமிட ஜெபம். நோயாளி மிகுந்த ஆறுதல் அடைந்தார்.'

நோட்டை மூடி வைத்தார். அவர் கழிவறைக்குப் போய், வார்டு ஆளிடம் வாளியை வாங்கி, அந்தத் தரையைத் தானே கழுவினார். பிறகு பிணவறைக்குப் போய்க் கோதண்டராமனின் உடம்பைக் கழுவித் துடைத்தார். தலையில் கை வைத்த மாதிரிப் படம் எடுத்துக்கொண்டவன் கை தொட மறுத்த உடம்பு அது.

மறுநாள் காலை செங்கமலம் வந்தாள். கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. ஞானதாஸைப் பார்த்து ஒன்றுதான் சொன்னாள். "நா கீறேன்னு சொன்னியே, அண்ணாத்த."

அவருக்கு மாசிலாமணிமேல் இருந்த அருவருப்பு அப்போது தன்மேலேயே திரும்பியது. ஏணியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். யார் என்ன செய்திருப்பார்கள், வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள், அவ்வளவுதானே. ஒரு காகித நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டு நின்றோமே என்று நினைக்க நினைக்கத் தன் கையைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

வருஷத்தின் கடைசி ஞாயிறு. கோயில் பெரிய கதவுக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி, கண்ணாடி போட்ட பலகையில் கலர் போட்டோ ஒன்றை மாட்டியிருந்தார்கள். பேனர், நீல ரிப்பன், மாசிலாமணியின் சிரிப்பு. அவர் கைக்குக் கீழே கோதண்டராமன், மடியில் ஆரஞ்சு, முகத்தில் அடக்கிக்கொண்டிருக்கிற வேதனை. "எவ்ளோ உருக்கமா இருக்கு பாருங்க," என்று ஒரு அம்மாள் சொல்லிக்கொண்டு போனாள்.

ஆராதனை நடுவில் மாசிலாமணி எழுந்து ஆண்டறிக்கை வாசிக்க ஆரம்பித்தார். ஆறுதல் ஊழியத்தின் வழியாக இத்தனை நோயாளிகள் சந்திக்கப்பட்டார்கள், இத்தனை மணி நேரம் ஜெபம் ஏறெடுக்கப்பட்டது என்று அவர் குரல் ஏறியபோது, ஞானதாஸ் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து போய் மணிக்கயிற்றைப் பிடித்தார்.

ஒரு அடி. ஒரு மூச்சு. அடுத்த அடி.

மாசிலாமணி நிறுத்தினார். மணி நிற்கும் என்று காத்திருந்தார். நிற்கவில்லை. துக்க மணி என்று புரிந்ததும் சபை முழுக்க வாய்க்குள் எண்ண ஆரம்பித்துவிட்டது. பழக்கம். இருபதைத் தாண்டியபோது இளவட்டப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் மூச்சு விட்டார்கள். நாற்பதானபோது நாற்பதுகளில் புருஷன் உள்ள பெண்கள் ஆண்கள் பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்து மூன்றில் நின்றது. யாருக்கு அந்த வயசு, யார் வரவில்லை என்று தலைகள் திரும்பின. எல்லாரும் இருந்தார்கள்.

ஐயரே இறங்கி வந்து கேட்டார். "யாருக்குய்யா மணி?"

"கோதண்டராமனுக்கு."

"யாரு கோதண்டராமன்? நம்ம சபையில அப்படி ஒருத்தர் இல்லையே," என்றார் மாசிலாமணி, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே. அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. நோயாளியின் பெயர் எழுத அந்த நோட்டில் கோடு கிழிக்கவில்லையே.

ஞானதாஸ் கயிற்றை விட்டார். இடுப்பிலிருந்து கோயில் சாவியை எடுத்துக் கடைசி பெஞ்சின்மேல் வைத்தார்.

"கதவாண்ட மாட்டி வச்சிருக்கீங்களே சார். வெளிய போவ சொல்லோ பாத்துட்டுப் போங்க."

சொல்லிவிட்டு அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். இரண்டு மணிக்கு இன்னும் நேரமிருந்தது. ஆராதனை முடிந்து, அன்றைக்குச் சபையில் முக்கால்வாசிப் பேர் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார்கள்.