சுண்டுவுக்கு வந்த சம்பளம்

என் தங்கை டாக்டர். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் முகமும் அப்படித்தான் மாறியது. "உங்க வீட்ல டாக்டர் இருக்காங்க, உங்களுக்கென்ன குறைச்சல்?" என்று பல்லைக் காட்டிவிட்டு, அடுத்த மாதமே வாடகையை ஏற்றினார். அந்த டாக்டர் பஸ்ஸுக்குச் சில்லறை தேடித் தினமும் என் கல்லாவைத் துழாவுகிறாள் என்று அவரிடம் சொன்னால் நம்புவாரா? நானும் சொல்லவில்லை. எனக்கும் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

அவளைப் படிக்க வைத்தது நான்தான் என்று மார்தட்டிக்கொள்ள வரவில்லை. அவளே படித்தாள், அவளே இடம் வாங்கினாள். நான் செய்ததெல்லாம், அவள் படிக்கும்போது டிவி சத்தத்தைக் குறைத்ததுதான். அதையும் அம்மா திட்டிய பிறகுதான் செய்தேன். ஆள் சின்னவள், எலிக்குஞ்சு மாதிரி ஒரு இடத்தில் நிற்காமல் ஓடுவாள். அதனால் சுண்டெலி என்று நான் வைத்த பெயர் நாளடைவில் தேய்ந்து சுண்டு ஆகிவிட்டது.

நான் பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை நன்றாக ஓடுகிறது, காரணம் ஆஸ்பத்திரி ஒழுங்காக ஓடவில்லை. ஒரு ஜன்னலில் அடையாள அட்டை நகல் கேட்பார்கள். எடுத்துக்கொண்டு போனால், இது இங்கே இல்லை, பக்கத்து ஜன்னல் என்பார்கள். பக்கத்து ஜன்னலில் இன்னொரு நகல் வேண்டும் என்பார்கள். அதை எடுத்துக்கொண்டு போவதற்குள் சாப்பாட்டு நேரம் என்று ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். உள்ளே இருப்பவனைத் திட்ட முடியாமல் ஜனங்கள் என்னிடம் வந்து திட்டித் தீர்ப்பார்கள். காசு தருகிறார்களே என்று நானும் வாங்கிக்கொள்வேன்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் சுண்டு பயிற்சி டாக்டர். படிப்பை முடித்துவிட்டு, பயிற்சி என்ற பெயரில் மாடாக உழைக்கும் காலம் அது. டாக்டர் வேலை என்றால் நாடி பார்ப்பது, ஊசி போடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கடையிலிருந்து பார்த்தால் தெரியும்: ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு ஒருமுறை முற்றத்தைக் கடப்பாள். ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு இன்னொருமுறை. நோயாளிகளின் ரத்தம் எடுத்த டியூப்களைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு எதிர்க் கட்டடத்து லேபுக்கு ஓடுவது எத்தனை முறை என்று எண்ணவே முடியாது. இதற்கெல்லாம் இருந்த வார்டு ஊழியர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. பயிற்சி டாக்டர்கள் இருக்கும்போது தனியாக ஆள் எதற்கு?

சரி, ஆளுக்கு மூன்று பேர் வேலையைப் பார்க்கிறார்களே, ஒரு ஆள் சம்பளமாவது வருகிறதா என்றால் அதுவும் இல்லை. கொடுக்கும் உதவித்தொகையே பக்கத்து டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர் வாங்குவதைவிடக் குறைவு. அதுவும் நாலு மாதமாக வரவில்லை. ஆஸ்பத்திரித் தலைவரான பெரிய டாக்டரிடம் கேட்டால், "ஃபைல் மேல போயிருக்கு" என்பார். எந்த மேலே என்று யாருக்கும் தெரியாது. லிஃப்ட் வேறு ஓடவில்லை.

அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு நல்ல கண்ணாடி வாங்கித் தருவேன் என்று சுண்டு சொல்லியிருந்தாள். தெருப் பெண்கள் ஓசியில் வைத்தியம் பார்க்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா அதைப் பெருமையாகச் சொல்வாள். சுண்டு தலையைக் குனிந்துகொண்டு யாருக்காவது ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடைசியில் பயிற்சி டாக்டர்களுக்கும் பொறுமை போனது. அவளுடன் பயிற்சியில் இருந்த நெட்டைப் பையன் ஒருவன், நாங்கள் கொக்கு என்று கூப்பிடுவோம், கடைக்கு வந்து ஒரு யோசனை சொன்னான்.

"வேலைய நிறுத்த வேண்டாம். நிறுத்தினா நோயாளிய சாக விட்டுட்டாங்கன்னு பட்டம் கட்டிடுவாங்க. டாக்டர் வேலைய மட்டும் பார்ப்போம். தள்றது, தூக்கறது, உருட்டறது எதுவும் கிடையாது. ஒண்ணு அதுக்கு ஆள் போடட்டும், இல்ல அதுக்கும் சேத்து சம்பளம் குடுக்கட்டும்."

எல்லாரும் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். சுண்டுதான் முதலில் கை நீட்டினாள். நோட்டீஸை நான் அடித்துக் கொடுத்தேன், இலவசமாக. கடை திறந்த நாளிலிருந்து நான் இலவசமாக அடித்தது அது ஒன்றுதான்.

நோட்டீஸ் ஒட்டிய அன்று காலையிலேயே ஆஸ்பத்திரி திணறிவிட்டது. சொந்தக்காரர்களே ஸ்ட்ரெச்சரைத் தள்ளித் தூணில் மோதினார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இப்போதாவது தெரியட்டும் என்று நினைத்தேன். மதியத்துக்குள் பெரிய டாக்டர் இறங்கி வந்துவிடுவார் என்று கொக்கு அடித்துச் சொன்னான்.

மதியம் வந்தவர் பெரிய டாக்டர் இல்லை. சட்டையெல்லாம் சுண்ணாம்பும் பெயிண்டுமாக ஒரு இளைஞர் வந்து அடையாள அட்டையை நீட்டினார்.

"ஒரு காப்பி போடுங்கண்ணா, சீக்கிரம். பிரசவத்துல பொண்டாட்டிக்கு ரத்தம் நிக்கல. ரத்தம் ஏத்தணுமாம். ரத்த வங்கியில காப்பி கேக்கறாங்க."

"காப்பி தர்றேன். ரத்தம் குடுத்துடுவாங்கல்ல?"

"எங்கண்ணா? அவ ரத்தத்தோட பொருத்திப் பாத்துதான் குடுப்பாங்களாம். அந்த டியூப் இன்னும் வார்டுலயே கிடக்கு. நான் எடுத்துட்டுப் போறேன்னா, சொந்தக்காரங்க கையில தரக்கூடாதாம். எடுத்துட்டுப் போற பொண்ணு இன்னைக்கு வேலை செய்யலையாம்."

எடுத்துக்கொண்டு போகிற பொண்ணு யார் என்று எனக்குத் தெரியும். காலையில் இருந்த சந்தோஷம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். நகலோடு அவர் ரத்த வங்கிக்குத் திரும்பினார், நான் வார்டுக்குப் போனேன்.

பிரசவ வார்டு வாசலில் ஒரு மேஜை, மேஜையில் ஒரு தட்டு, தட்டில் பெயர் எழுதி ஒட்டிய அந்த டியூப். சுண்டுதான் ரத்தம் எடுத்து வைத்திருந்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு அலுவலகத்தோடு மன்றாடிக்கொண்டிருந்தாள். ஆள் வருகிறது, ஆள் வருகிறது என்று அங்கிருந்து பதில் வந்துகொண்டே இருந்தது. பெரிய டாக்டரின் அறைக் கதவைத் திறந்துவிட ஒரு ஆள், டீ வாங்க ஒரு ஆள் உண்டு. அவர்களில் ஒருவரை அனுப்பியிருக்கலாம். வேண்டுமென்றே அனுப்பவில்லை. நான் கோபத்தில் சொல்லவில்லை, அன்று அங்கே நின்ற எல்லாருக்கும் அது தெரிந்தது.

சுண்டு போனை வைத்தாள். கொக்கு மேஜைக்குக் குறுக்கே வந்து நின்றான்.

"எடுக்காத சுண்டு. அவங்க அனுப்பட்டும். இன்னைக்கு நீ எடுத்தா எல்லாம் முடிஞ்சுது."

"அனுப்ப மாட்டாங்கடா."

"இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம். நாம இறங்கிடுவோம்னுதான் அவங்க காத்துட்டிருக்காங்க."

"அவங்க சாயங்காலம் வரைக்கும்கூட காத்திருப்பாங்க. உள்ள இருக்கறவளால முடியாது."

கொக்கு நகரவில்லை. ஆனால் அவள் கையைத் தடுக்கவும் இல்லை. டியூபை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள். கொக்கு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிக்கட்டின் கீழே அலுவலக கிளார்க் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். யாருடனோ பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

ரத்தம் வந்தது. பெயிண்டரின் மனைவி பிழைத்தாள்.

சாயங்காலம் பெரிய டாக்டர் எல்லாப் பயிற்சி டாக்டர்களையும் கூப்பிட்டு, கிளார்க் போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினாராம். முற்றத்தில் கோட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு ஓடும் சுண்டு. "பாருங்க, இதுதான் சேவை மனப்பான்மை. யாரும் கேக்காம, சம்பளம் எதிர்பாக்காம செஞ்சிருக்காங்க. அப்ப இது உங்க வேலைதான்னு உங்களுக்கே தெரியுது. இதுக்குத் தனியா ஆள் எதுக்கு, தனியா சம்பளம் எதுக்கு?" என்றாராம். எல்லார் முன்னாலும் அவளுக்குக் கை தட்டினாராம். அவளுடன் இருந்தவர்கள் யாரும் தட்டவில்லை. மறுநாள் எல்லாரும் பழையபடி தள்ளினார்கள், தூக்கினார்கள், உருட்டினார்கள். அவளிடம் மட்டும் யாரும் பேசவில்லை.

கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். வழக்கமாகச் சில்லறைக்குக் கல்லாவைத் துழாவுகிறவள் அன்று சும்மா இருந்தாள்.

"நான் செஞ்சது தப்பாண்ணா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்ணா தோத்துப் போனோம்?"

ஜனங்கள் கேட்கும் எல்லாக் கேள்விக்கும், எந்த ஜன்னல், எத்தனை நகல் என்று தூக்கத்தில்கூடப் பதில் சொல்வேன். இந்தக் கேள்வியை எந்த ஜன்னலுக்கு அனுப்புவது? அவமானமாக இருந்தது. அந்தப் பெரிய டாக்டர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. மெஷினில் தாள் மாட்டிக்கொண்டதாகப் பாவனை செய்து திரும்பிக்கொண்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும். பெயிண்டர் மறுபடி வந்தார். இந்த முறை குளித்து, தலை சீவி, முகமெல்லாம் சிரிப்பு. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு நகல் வேண்டுமாம். எடுத்துக் கொடுத்தேன். போகாமல் நின்றார்.

"அண்ணா, அன்னைக்கு அந்த டியூப் எடுத்துட்டு ஓடுச்சே ஒரு பொண்ணு, உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணுதானே? ஸ்ட்ரெச்சர்லாம் தள்ளுமே, அது."

"ஆமா, தெரியும்."

"தங்கமான பொண்ணுண்ணா. அதுதான் அவ உயிரைக் காப்பாத்துச்சு. இந்த டாக்டருங்க இருக்காங்களே, படிச்ச திமிரு. சம்பளம் பத்தலைன்னு அன்னைக்குன்னு பாத்து வேலை செய்ய மாட்டேன்னு நின்னாங்க. வேலைக்கார பொண்ணுக்கு இருக்கற மனசு டாக்டருக்கு இல்ல பாருங்க." சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். "என்னால முடிஞ்சது. டீ குடிக்கச் சொல்லுங்க."

அவள் என் தங்கை, அவள்தான் டாக்டர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு நோட்டை எடுத்தது. சுண்டு எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. கோட்டுப் பை டியூப்களால் புடைத்திருந்தது.

"ரொம்ப நன்றிங்க. குழந்தை பால் குடிக்குதா?" என்று கேட்டாள். பெயிண்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மனம் நிறைந்து போனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என்னடி இது? பிச்சையா வாங்கற?" என்று கத்திவிட்டேன்.

அவள் நோட்டை விரித்துப் பார்த்தாள். டீக்கடை பெஞ்சில் கொக்கு தனியாக உட்கார்ந்திருந்தான். வாரம் முழுக்க அவளிடம் வாய் திறக்காதவன். அவனைப் பார்த்து நோட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"டீ குடிக்கறியாடா? சம்பளம் வந்திருக்கு."

கொக்கு நிமிர்ந்தான்.

"எந்த மாசத்தோடது?"

அவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இரு, இதை லேபுல குடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, நோட்டை அந்த டியூப்களோடு பையில் செருகிக்கொண்டு முற்றத்தைத் தாண்டி ஓடினாள்.