ஐம்பத்தெட்டுப் பேர் எடுத்துக்காட்டிய கட்டுரை

என் தங்கை பிரிஜட் ஜூரோங்கில் ஒரு சோயா சாஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறாள். எங்கள் அப்பா சுவிசேஷமுத்துவின் பிள்ளைகளில் அறிவியல் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பல்கலைக்கழக நூலகத்தில் சஞ்சிகைகளைத் தைத்து அட்டை போடுவது என் வேலை. பட்டம் வாங்கியவள் ஏன் சாஸ் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1975இல் அவள் டாக்டர் சேதுபதி என்பவரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தாள். உயிரணுவுக்குச் சக்தி தருவது அதற்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. எலியின் ஈரலிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, எவ்வளவு பிராணவாயு குடிக்கிறது என்று அவள் அளந்தாள். வெப்பநாட்டு எலியின் உயிரணு குளிர்நாட்டு எலிக்கு அங்கே அளந்து வெளியிட்டிருந்த கணக்கைப் போல இரண்டு மடங்கு எரிக்கிறது என்று கணக்கு வந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று சேதுபதி எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

பிரிஜட்டுக்கு மனம் ஒப்பவில்லை. தன் நோட்டைப் புரட்டினாள். அளந்த ஒன்பது நாளும் ஆய்வுக்கூடத்தின் ஐஸ் மெஷின் பழுதாகிக் கிடந்திருக்கிறது. தேக்கா சந்தையில் மீன்கடை ரவூப்பிடம் ஒரு வாளி ஐஸ் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய் மறுபடி அளந்தாள். இரண்டு மடங்கு காணாமல் போயிற்று.

"சூடு பட்டா அது கெட்டுப்போகும்ண்ணே. ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வச்ச லாரி மாதிரி. எண்ணெய் குடிக்கும், நகராது" என்று எனக்குச் சொன்னாள்.

அதையே சேதுபதியிடமும் சொன்னாள். "மீன் ஐஸ வச்சு எனக்குப் பாடம் நடத்த வந்துட்டியா? அளக்குறதோட நிறுத்திக்க" என்றார். அடுத்த மாதம் அவள் வேலை புதுப்பிக்கப்படவில்லை. நற்சான்றும் தரவில்லை. 1976இல் கட்டுரை அவர் பெயரில் மட்டும் வெளிவந்தது, அந்த இரண்டு மடங்கோடு.

எங்கள் நூலகத்தில் ஆண்டுதோறும் தலையணை தலையணையாக ஒரு சுட்டி வரும். எந்தக் கட்டுரையை உலகத்தில் யார் யார் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டினார்கள் என்பது அதில் பொடி எழுத்தில் இருக்கும். 1978 முதல் நான் பூதக்கண்ணாடி வைத்துச் சேதுபதியின் பெயரைத் தேடினேன். யாரும் சீண்டாமல் அந்தக் கட்டுரை செத்துப்போக வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். சாகவில்லை. நான்கு பதினொன்றாயிற்று, பதினொன்று இருபத்தாறாயிற்று. ஒவ்வொரு வரியும் என் நெஞ்சில் ஆணி.

1984 தொடக்கத்தில் செய்தித்தாளில் அவர் படம் வந்தது. உலகமெங்கும் ஐம்பத்தெட்டுப் பேர் எடுத்துக்காட்டிய தமிழருக்குச் சிராங்கூன் சாலையில் பாராட்டு விழாவாம்.

அந்த வாரம் தைக்க வந்த ஒரு சஞ்சிகையில் பக்கம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுரைக் கடைசியில் இருந்த பட்டியலில் சேதுபதி பெயர். அதற்கு நேர் கீழே, பி. சுவிசேஷமுத்து, 1977.

குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டில் அதை அவள் முன்னால் விரித்து வைத்தேன்.

"ஒரு பக்கக் கடிதம்ண்ணே. ஐஸ் மெஷின் கதையையும் என் அளவுகளையும் எழுதி ஒரு சஞ்சிகைக்கு அனுப்புனேன். போட்டாங்க."

"ஏழு வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க அவரைப் பத்தி மட்டும்தானே கேட்டீங்க."

அவள் சொன்னது உண்மை. ஆறு ஆண்டுகள் அதே சுட்டியைக் கையில் வைத்திருந்தேன். சில பக்கம் தள்ளிப் போய் என் தங்கையின் பெயரை ஒரு தடவையும் தேடவில்லை. அதற்கான கோபத்தையும் சேதுபதியின் கணக்கிலேயே சேர்த்தேன்.

மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஐம்பத்தெட்டுக் கட்டுரைகளையும் தேடி எடுத்தேன். பிரிஜட் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். சுட்டிக்குத் திட்டுகிறவனும் ஒன்றுதான், புகழ்கிறவனும் ஒன்றுதான். ஐம்பத்தெட்டில் நாற்பத்து மூன்று, சேதுபதியின் அளவு தவறு, சூட்டில் கெட்டுப்போன சரக்கு என்றன. அவற்றில் முப்பத்தொன்று, ஆதாரமாக என் தங்கையின் கடிதத்தைக் காட்டின.

நாற்பத்து மூன்றையும் பிரதியெடுத்தேன். திட்டிய வரிகளின் கீழ் அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு போட்டேன். பிரிஜட்டின் கடிதத்தை முதல் பக்கமாக வைத்துத் தைத்து, நீலக் காலிகோ துணி அட்டை போட்டு, முதுகில் சேதுபதியின் பெயரைப் பொன்னெழுத்தில் அழுத்தினேன். என் கையில் அதைவிட நல்ல தையல் இதுவரை வந்ததில்லை.

"வேணாம்ண்ணே" என்றாள். விழாவுக்குக் கிளம்பியபோது அவளும் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

மாலைகள் முடிந்ததும் மேடையேறிப் புத்தகத்தைக் கொடுத்தேன். விழா நடத்திய சங்கத்தின் தலைவர் கோவிந்தசாமி, "பாருங்க, ரசிகர் ஒருத்தர் பைண்ட் பண்ணியே கொண்டாந்துட்டார்" என்றார். கூட்டம் கைதட்டியது. சேதுபதி சிரித்தபடி திறந்தார். முதல் பக்கத்தில் பிரிஜட்டின் பெயரைப் பார்த்தார். நடுவில் புரட்டினார். கடைசிக்குப் போனார். எங்கும் சிவப்புக் கோடு.

"யார் செஞ்சது இது?" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"பைண்டிங் நான் செஞ்சது, சார். மத்ததெல்லாம் நீங்க செஞ்சது. அதோ, மூணாவது வரிசையில என் தங்கச்சி உக்காந்திருக்கு."

அவர் பார்த்தார். பிரிஜட் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள்.

ஏற்புரையில் அவர் நன்றியைத் தவிர ஒன்றும் பேசவில்லை. "அந்த அம்பத்தெட்டுப் பேரைப் பத்தி ரெண்டு வார்த்தை" என்று கோவிந்தசாமி எடுத்துக் கொடுத்தார். "அதை விடுங்க" என்றார் சேதுபதி.

நான் விடவில்லை. மறு ஆண்டுச் சுட்டியில் ஐந்து சேர்ந்திருந்தன, நான்கு திட்டு. தைத்து, அதே நீல அட்டை போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். இந்த ஆண்டும் அனுப்பியாயிற்று. நான் ஓய்வு பெற இன்னும் பதினொரு ஆண்டுகள் இருக்கின்றன.