வீட்டுக்கு எந்த ரகம்?

இங்கிலாந்தில் கென்ட் பக்கம் நான் வேலை செய்யும் பண்ணையில் ஸ்ட்ராபெர்ரிச் செடிகளை ஐஸ் அறையில் தூங்க வைக்கிறார்கள். இலை கழித்த செடிகளைப் பெட்டி பெட்டியாக வெளியே எடுத்து, உறைந்த வேர் இளகியதும் நடுவது எங்கள் வேலை. இரண்டே மாதத்தில் பழம் தொங்கும். கெடாமலிருக்க மீனை ஐஸில் போடுவதைப் போலத்தான் இதுவும் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். கூலிக்கு வந்தவளுக்கு யாரும் காரணம் சொல்வதில்லை. நானும் கேட்டதில்லை.

செஞ்சியை அடுத்த வல்லம் பக்கம் என் தம்பி ஏழுமலை குத்தகை நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுகிறான். அம்மா ஆயுள் முழுக்க அடுத்தவர் கொல்லையில் களை பறித்தவள். எதை விதைப்பது என்று தானே முடிவு செய்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அவன்தான். புரட்டாசியில் ஒருநாள் போன் செய்தான்.

"அக்கா, திண்டிவனம் மார்க்கெட்டுல ஸ்ட்ராபெர்ரி டப்பா டப்பாவா விக்கிது. நாமளும் கொஞ்சம் போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். ஏகப்பட்ட ரகம் இருக்குதாமே, எதப் போடறது? நீ அதுலயே கெடக்கிற, கேட்டுச் சொல்லு."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "நீ பறிக்கிற பழத்த நானும் ஒண்ணு வாயில போட்டுப் பாக்கறேன்டி."

மறுநாள் தேநீர் இடைவேளையில் மேற்பார்வையாளர் மக்தாவிடம் கேட்டேன். அவள் போலந்துக்காரி. இருவருக்குமே ஆங்கிலம் இரவல்தான். வளர்க்க எந்த ரகம் நல்லது என்றேன். "ஹோம்?" என்றாள். "ஹோம்" என்றேன். வெயில் வருமா என்றாள். நிறைய வரும் என்றேன். "குட்!" என்று சிரித்து, அட்டைப்பெட்டி மூடியில் 'எல்சாண்டா' என்று எழுதிக்கொடுத்தாள். வாசனை, இனிப்பு, சந்தைக்கும் தாங்கும் என்றாள். நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்தோட்டத்தை அவள் நினைத்தாள். நான் வல்லத்தை நினைத்தேன்.

ஏழுமலை எங்கெங்கோ விசாரித்து, மலைப்பக்கத்து நர்சரி ஒன்றிலிருந்து அதே ரகத்தை வரவழைத்து ஐப்பசியில் கால் காணி நட்டான். செடி தழைத்தது. தினமும் காலையில் அம்மா குடத்தோடு போய் நின்றாள். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. "எலைதான் முறமாட்டம் இருக்குது, பூ வெக்கலியே" என்றாள் போனில். "தையில வெச்சிடும்மா" என்றேன்.

தையிலும் வைக்கவில்லை. தம்பி அனுப்பிய செடிப் படத்தை மக்தாவிடம் காட்டினேன். எந்த இடம் என்றாள். இந்தியா என்றதும் அவள் முகம் மாறியது. ஐஸ் அறை வாசலுக்கு என்னை அழைத்துப்போய், உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலை சாய்த்துக் காட்டினாள். "நோ கோல்ட், நோ ஸ்லீப். நோ ஸ்லீப், நோ ஃப்ளவர்." வெப்ப நாட்டுக்கென்று வேறு ரகங்கள் இருக்கின்றனவாம். சரியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளாம்.

தம்பியிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை, அவனுக்கும் வரவில்லை. அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். மாசியில் நெஞ்சுவலி வந்து, விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"கடைசி நாள் காலையிலகூட தண்ணி ஊத்திக்கினு வந்துச்சி" என்றான் ஏழுமலை. "உள்ள மொட்டு இருக்கும்டா, எம்பொண்ணு தெரியாம சொல்லமாட்டான்னுச்சி."

"என்மேல கோவமாடா?" என்று கேட்டேன்.

"கோவம் இல்லக்கா. ஆனா இங்க வெயில் எப்பிடி அடிக்கும்னு உனுக்குத் தோணவே இல்லியா?"

அம்மாவின் குடத்தை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"வின்டர் டான்னு ஒரு ரகம் இருக்குதாம், சூடு கொஞ்சம் தாங்குமாம். அடுத்த தபா தொட்டியில நாலு வெச்சிப் பாக்கறேன்" என்றான். யாரிடம் கேட்டான் என்று தெரியவில்லை. என்னிடம் கேட்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், காய்ந்த செடிகளைப் பிடுங்க இருவரும் கொல்லைக்குப் போனோம். ஆளுக்கொரு பாத்தி. குனிந்ததும், கடிகாரம் பார்த்து வேலை வாங்கும் பண்ணையின் வேகத்தில் என் கை தானாக ஓடியது. செடியின் கழுத்தை இரண்டு விரலில் பிடித்து இழுத்து, மண் உதறி, ஒரே பக்கமாக அடுக்கி, அடுத்தது, அடுத்தது. ஏழுமலை நிமிர்ந்து பார்த்தான்.

"மெதுவாக்கா. இங்க யாரும் உனுக்கு டைம் பாக்கல."

மெதுவாகத்தான் பிடுங்கப் பார்த்தேன். கை கேட்கவில்லை. பாத்தி முடிந்து வரப்பில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். அவன் பாதிப் பாத்தியில் உட்கார்ந்திருந்தான். நான் பாத்திக் கடைசியில், செய்ய ஒன்றுமில்லாமல், வெயிலில் தனியாக நின்றுகொண்டிருந்தேன்.