துரை ருசி பார்க்கவிருந்த என்ஜின் எண்ணெய்

போன சனிக்கிழமை எங்கள் தோட்டத்துத் துரை என் காரின் என்ஜின் எண்ணெயைக் குடித்திருப்பார். கரண்டி உதட்டுக்குப் போவதற்குள் நான் போட்ட கூச்சலில் தப்பினார்.

என் கார் எண்ணெய்க்குத் துரையின் உதட்டருகே என்ன வேலை? நியாயமான கேள்வி. சொல்கிறேன்…

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். வட்டகொடைப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபெக்டரியில் டீ மேக்கர். வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சாயத்தைப் பார்த்து, மோந்து, உறிஞ்சி, துப்பி — இது நல்லது, இது மட்டம் என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன். சாயம் செம்பு நிறத்தில் பளபளத்தால் எனக்குச் சந்தோஷம். கறுத்து மங்கினால் அன்றைக்கு யாருக்காவது ஏச்சு.

இப்படிப்பட்ட ஆளை நம்பி ஒரு புதுக் காரை ஒப்படைக்கலாமா?

ஒப்படைத்தவள் என் மனைவி ரோசலின். டயகமப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றுக்கு அவளைத் தலைமையாசிரியையாகப் போட்டார்கள். ஒரு பள்ளித் தவணைக்குத் தற்காலிகம். தவணை முடிவில் வித்தியாதரிசி வந்து பள்ளிக்கூடத்தைச் சோதித்து, திருப்தியானால் நிரந்தரம். 'இத்தனை தூரத்திலிருந்து ஒரு பொம்பளை தினமும் மணியடிக்கிறதுக்குள்ள வந்துருவாங்களாக்கும்!' என்று அங்கே சிலருக்கு இளக்காரம். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. ஆகவே சின்னதாக ஒரு புதுக் கார் வந்தது. ஓட்டுவது அவள். எண்ணெய் பார்ப்பது நான். இந்த இலாகாப் பங்கீட்டில்தான் கோளாறு.

புது என்ஜினுக்கு முதல் ஐந்நூறு மைலிலேயே எண்ணெயை மாற்றிவிட வேண்டும். உள்ளே இரும்போடு இரும்பு உரசிப் பழகும்போது உதிரும் தூள் எண்ணெயில் கிடக்குமாம். சரி, மாற்றலாம். எந்த எண்ணெய்?

ஃபெக்டரி லாரி டிரைவர் மாடசாமியைக் கேட்டேன்.

"இதென்னங்கய்யா கேள்வி? கெட்டி எண்ணெய்தான்! நம்ம மலை ரோட்டுக்குத் தண்ணியா ஊத்துனா என்ஜின் தாங்குமா? லாரிக்கு ஊத்துறோம்ல, அதையே ஊத்துங்க. யானை மாதிரி ஏறும்!"

யானை மாதிரிதான் இருந்தது. விடியற்காலைக் குளிரில் எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துக்கொண்டது! லாரி கிளம்புவது வெயில் ஏறிய பிறகு. ரோசலின் கிளம்புவது புல்லில் பனி உறைந்திருக்கும் நேரம். எண்ணெய் கருப்பட்டிப் பாகாய் இறுகிக் கிடக்க, நான் காருக்கு முன்னால் குனிந்து ஹேண்டிலைச் சுற்றினேன்… சுற்றினேன்… வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள்.

"அடியே, டீ மேக்கர் ஐயா மாவாட்டுறாருடி!"

"தோசைக்கு நம்மளையும் கூப்புடுவாரா கேளு!"

அன்றைக்குப் பள்ளிக்கூட மணி தலைமையாசிரியை இல்லாமலே அடித்தது. சேதி வித்தியாதரிசி காதுக்கும் போனது.

பிறகு தலவாக்கலையில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் சிறிசேன பாஸிடம் போனோம். கெட்டி எண்ணெயை அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாத்தயா, இது லொறி இல்ல. குளிர் ஊருக்கு மெல்லிசு ஒயில் ஓணும்." ஒரு புது டின்னை உடைத்து ஊற்றினார். "இது புது சாதி ஒயில். உள்ளுக்கு எல்லாம் கழுவும். ரெண்டாயிரம் மைலுக்குத் தொட வேணாம். ஏத்தம், பனி எல்லாம் இருக்குதானே… சரி, ஆயிரத்தைந்நூறு. அதுக்கு முந்தி இங்க வர வேணாம்!"

மறுநாள் காலையில் கார் ஒரே இழுப்பில் கிளம்பியது. அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. ரோசலின் மணிக்கு முன்பே போய் நின்றாள். இத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

அந்த வாரக் கடைசியில் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். கறுப்பு! ஊற்றும்போது தேன் மாதிரி இருந்தது, சில நாளிலேயே அடுப்புக்கரியாகிவிட்டது. எனக்குள்ளிருந்த டீ மேக்கர் அலறினான். உடனே கொஞ்சம் எண்ணெயை எடுத்து, ஒரு வெள்ளைக் கோப்பையில் விட்டு, வெளிச்சத்துக்காக ஃபெக்டரியில் அன்றைய சாயங்களின் வரிசையில் கடைசியாக வைத்தேன். மோந்து பார்க்கக் குனிந்தபோது துரை வந்துவிட்டார்.

வழக்கம்போல் வரிசையாக ருசி பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசிக் கோப்பையில் கரண்டியை விட்டுத் தூக்கினார். நான் கூச்சல் போட்டது அப்போதுதான்.

துரை கோப்பையை உற்றுப் பார்த்தார். "டீ மேக்கர், இது ரொம்ப மோசம். கறுப்பு. கொட்டு!"

"துரை, அது டீ இல்லைங்க. என் கார் எண்ணெய்ங்க."

கரண்டியை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்பவும் கொட்டு!"

துரையே தீர்ப்புச் சொன்ன பிறகு அப்பீல் உண்டா? ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்ததும், ரோசலின் மறுநாளைக்குப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை வித்தியாதரிசி வருகிறார். அவளுக்குத் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்ய எண்ணி, காருக்கடியில் படுத்து, எண்ணெய் முழுவதையும் ஒரு வாளியில் வடித்துவிட்டேன்.

புது எண்ணெய் வாங்கக் காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. எண்ணெய் இல்லாமல் கார் போகாது. போனாலும் ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு!

ரோசலின் வெளியே வந்தாள். வாளியைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"பழைய எண்ணெய்."

"புது எண்ணெய் எங்க?"

நான் வானத்தைப் பார்த்தேன். மழை வரும்போல் இருந்தது.

விஷயம் தெரிந்து மாடசாமி ஓடி வந்தான். "கவலைப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்! லாரி எண்ணெய் ஒரு டின் இருக்கு."

"நீங்க இருப்பீங்க மாடசாமி. காலையில கார் இருக்காதே!" என்றவள், என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, பாஸ் என்ன சொல்லி ஊத்துனாரு? உள்ள கழுவும்னுதானே?"

"ஆமா…"

"துணி துவைச்சா வாளித் தண்ணி என்ன நிறத்துல இருக்கும்?"

"கறுப்பா…"

"அப்ப சோப்பு கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா? அழுக்கு துணியை விட்டுத் தண்ணிக்கு வந்துருச்சுன்னு அர்த்தம். வேலை செய்யுதுங்க அந்த எண்ணெய்! எடுத்து ஊத்துங்க திரும்ப."

"துரையே கொட்டச் சொன்னாரு ரோசி…"

"நாளைக்கு வித்தியாதரிசி முன்னால நிக்கப்போறது துரையா, நானா?"

ஊற்றினேன். வடிகட்ட ஒரு துணி கேட்டேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் புது வேட்டியை உருவித் தந்தாள். அதே கொடியில் அவளுடைய பழைய புடவைகளும் காய்ந்தன என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

திங்கட்கிழமை விடியலில் பனி கொட்டியது. ரோசலின் சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டரை இழுத்தாள். ஒரு கனைப்பு… கிளம்பிவிட்டது! வளைவு திரும்பி, ஏற்றத்தில் சத்தம் தேயும்வரை நின்றேன். அன்றைக்கு ஃபெக்டரியில் நான் ருசி பார்த்த அத்தனை சாயமும் எனக்கு என்ஜின் எண்ணெயாகவே இருந்தது.

சாயங்காலம் கீழ் ரோட்டிலேயே ஹாரன் கேட்டது. நிறுத்தாமல் அடித்துக்கொண்டே வந்தாள்.

"மணிக்கு முன்னாலயே போயிட்டேங்க! வித்தியாதரிசிதான் லேட்டு. குளிர்ல அவர் கார் கிளம்பலையாம்!"

"என்ன எண்ணெய் ஊத்தியிருக்காராம்?"

"கெட்டி எண்ணெய். யாரோ லாரி டிரைவர் சொன்னாராம்!" சிரித்து முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது. "பிள்ளைங்க வாசிச்சதைக் கேட்டு அசந்துட்டாருங்க. இனி நிரந்தரம்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டுப் போனாரு. போகும்போது மெல்லிசு எண்ணெய் எங்க கிடைக்கும்னு கேட்டாரு…"

நம் ஆட்களும் ஒருவர் இருவராகக் கார் வாங்கத் தொடங்கியிருக்கிறோம். நல்ல காலம்தான். வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: குளிர் ஊருக்கு மெல்லிய எண்ணெய். முதல் மாற்றம் சீக்கிரம். பிறகு சொன்ன மைல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள். கறுத்துவிட்டதே என்று பதறாதீர்கள். உழைக்கிற எதுவும் கொஞ்சம் கறுக்கத்தான் செய்யும். பளபளவென்று இருப்பதெல்லாம் இன்னும் வேலைக்கே இறங்கவில்லையோ, என்னவோ!

அந்த வேட்டியை மட்டும் நான் துவைக்கப் போடவில்லை — இந்த வீட்டில் நானும் உழைத்தேன் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.