கடை கொம்பெனியோடது

என் வீட்டுக்காரருக்குக் கம்பெனிப் பைத்தியம் பிடித்தது சப்பான்காரன் சண்டை வருவதற்கு முந்தின வருஷம். சூதுப் பைத்தியம், கள்ளுப் பைத்தியம் பிடித்த ஆண்களை மலாக்காவில், எங்கள் காஜா பெராங்கில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் பார்க்கலாம். இது வேறு ரகம். கட்டினவளுக்குப் புரியவும் புரியாது, பக்கத்து வீட்டில் சொல்லி அழவும் முடியாது.

நாங்கள் வைத்திருந்தது சின்ன எண்ணெய்க் கடை. முன்பக்கம் தேங்காய் எண்ணெய் அளந்து விற்போம். பின்கட்டில் சவுக்காரம் காய்ச்சுவோம். காய்ச்சுவது நான், அந்தக் காரம் தெறித்த வடு முழங்கைவரை இன்றைக்கும் கிடக்கிறது. எங்கள் வீட்டுத் துரைக்கு வேலை, கல்லாவில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனோடு ஊர்க்கதை பேசுவது. அப்படிப் பேச வந்த ஒரு வக்கீல் குமாஸ்தாதான் அவர் காதில் இந்தக் கம்பெனி மந்திரத்தை ஓதினவன்.

அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய அப்பா பெண்டஹாரா ரோட்டில் துணிக்கடை வைத்து நொடித்துப் போனவர். கடை நொடித்ததும் கடன் கொடுத்தவர்கள் வீட்டுக்குள் ஆள் இறக்கி, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றைத் தரையில் கொட்டிவிட்டுப் பானையையும் தூக்கிப் போனார்களாம். அதனால் "லிமிட்டெட் கம்பெனியாப் பதிஞ்சிட்டீங்கன்னா, கடை விழுந்தா கம்பெனியோட போச்சு, வீட்டுப் பானைய எவனும் தொட முடியாது" என்று குமாஸ்தா சொன்னது அவருக்கு வேதவாக்காகிவிட்டது.

"அப்ப கடை யாருது?" என்று கேட்டேன்.

"கம்பெனியோடது."

"கம்பெனி யாருது?"

"அது ஒரு தனி ஆளு மாதிரி, பிள்ள. சட்டத்துக்கு அதுவும் ஒரு ஆளு. நாம அதுல பங்குக்காரங்க, அவ்வளவுதான்."

"அந்த ஆளு சோறு திம்பானா? தின்னா இப்பவே சொல்லிடுங்க, உலையில கூட ஒரு பிடி போடணும்."

அவர் சிரிக்கவில்லை. பங்குக்காரர் ஒருத்தர் போதாது, ரெண்டு பேராவது வேண்டும் என்றதால் என்னையும் சேர்த்தார். வக்கீல் ஆபீசில் போய்த் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பத்திரம் கைக்கு வந்த அன்றைக்குத் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து 'என் கடை' என்று ஒரு சொல் வந்ததில்லை. யார் கேட்டாலும், எந்தப் பாஷையில் கேட்டாலும், கடை கம்பெனியோடது. நான் குளிக்க ஒரு துண்டு சவுக்காரம் எடுத்தால்கூட "கம்பெனிச் சாமான், கேட்டு எடு" என்பார். "உங்க ஆள வரச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்" என்று எடுத்துப் போய் நுரை பொங்கத் தேய்த்துக் குளிப்பேன்.

அந்தக் கம்பெனிக்கு ஆயுசு கெட்டியில்லை. கடை வாசலில் மாட்டின கம்பெனிப் பேர்ப்பலகையில் பெயிண்ட் வாசம் போவதற்குள் குண்டு விழ ஆரம்பித்தது. வெள்ளைக்காரன் மூட்டையைக் கட்டினான். சப்பான்காரன் சைக்கிளில் வந்து இறங்கினான். எதிர்வரிசையில் சைக்கிள் கடை வைத்திருந்த சீனரை லாரியில் ஏற்றிப் போனார்கள். அவர் சம்சாரம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். லாரி போனது போனதுதான். காவல் நின்ற சென்ட்ரிக்குக் குனிந்து கும்பிட மறந்த ஒரு மீன்காரரை வெயிலில் மண்டி போட வைத்து, துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்ததை நானே பார்த்தேன். பல்லைக் கையில் துப்பி எடுத்துக்கொண்டு மறுபடியும் குனிந்து கும்பிட்டுவிட்டுத்தான் அவரால் கூடையைத் தூக்க முடிந்தது. கன்னத்தில் அறை வாங்காமல் கடைத்தெருவுக்குப் போய்வந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

பலகையில் இங்கிலீஷ் எழுத்து இருந்ததால் அதைக் கழற்றி அடுப்பில் வைத்தேன். அவர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கடைக்கு அவர்கள் வந்தது எண்ணெய்க்காக. ஒரு ஆபீசர், ரெண்டு சோல்ஜர், கூடவே மொழிபெயர்க்க எங்கள் பக்கத்துச் சந்துச் செட்டி. மரியாதைக்குச் செட்டியார் என்று கூப்பிட்டாலும், வட்டிக்கு விடுகிற செட்டியார் இல்லை. எந்தக் காலத்திலோ தமிழ்நாட்டிலிருந்து வந்து, இங்கத்திப் பெண்களைக் கட்டி, மலாக்காவிலேயே ஊறிப்போன ஜனம். நெற்றியில் திருநீறு இருக்கும், மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். இந்த மனுஷர் சண்டைக்கு முந்தி ஒரு சப்பான் போட்டோக் கடையில் வேலை பார்த்தவர், அதனால் அந்தப் பாஷை கொஞ்சம் வரும். ஆள் கறுப்பாய் இருந்து திருநீறும் பூசியிருந்ததால் தமிழும் தெரியும் என்று சப்பான்காரன் நினைத்துவிட்டான். அவருக்குத் தெரிந்த தமிழ், சாமி பேரோடு சரி.

ஆபீசர் கேட்டதை அவர் மலாயில் கேட்டார். இந்தக் கடை யாருடையது?

என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, பணிவாக, எப்போதும் சொல்வதையே மலாயில் சொன்னார். "கொம்பெனி பூஞா." கம்பெனியோடது.

செட்டியார் முகம் வெளுத்தது. "என்ன சொன்னே?" என்று மறுபடி கேட்டார். இவர் இன்னும் தெளிவாகச் சொன்னார். செட்டியார் ஆபீசர் பக்கம் திரும்பிச் சொன்னதில் 'இகிரிசு' என்று ஒரு வார்த்தை என் காதில் விழுந்தது. இங்கிலீஷ்காரன் என்று அதற்கு அர்த்தம். அந்த வார்த்தை அதற்குள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆபீசர் முதலில் கையால் அறைந்தான். பிறகு வாள் உறையால். என் வீட்டுக்காரர் எண்ணெய்ப் பீப்பாயில் போய் மோதி விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தும், தடுக்கிற மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு, "என்னுது இல்ல துவான், கொம்பெனி பூஞா" என்றார். சட்டம் தனக்குப் பக்கத்தில் நிற்கிறது என்ற நினைப்பு. அவர் அதைச் சொல்லச் சொல்ல அடி கூடியது. தடுத்த கையில் ஒரு விரல் பின்பக்கமாய் மடங்கிப் போனதைப் பார்த்தேன். நான் ஓடினதும் ஒரு சோல்ஜர் என் வயிற்றில் பூட்சால் உதைத்தான். எனக்கு மூச்சு திரும்பி வந்தபோது அவரை ஏற்றிக்கொண்டு லாரி போய்விட்டிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே செட்டி வீட்டு வாசலில் போய் நின்று, வாயில் வந்ததையெல்லாம் தமிழில் கத்தினேன். அவருக்குப் புரியாது என்று தெரியும். கத்தி முடித்த பிறகு மலாயில் கேட்டேன், "என் புருஷனைப் பத்தி என்ன சொன்னே?"

"அவன்தானே சொன்னான், கடை கொம்பெனிக்குச் சொந்தம்னு. போலீஸ் கட்டடத்துக்குள்ள வச்சு அவனைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க, அந்த வெள்ளைக்காரன் எங்கே ஒளிஞ்சிருக்கான்னு."

"எந்த வெள்ளைக்காரன்?"

"கொம்பெனின்னா வெள்ளைக்கார ராஜாங்கம்தானே? டச்சுக்காரன் காலத்திலிருந்து எங்க வீட்டில் அப்படித்தான் சொல்லுவோம்."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். நம் ஆட்களும்தான் அந்தக் காலத்தில் வெள்ளைக்காரனைக் கும்பெனி என்றார்கள், எனக்கு ஏன் உறைக்கவில்லை? கொங்சி என்று சொல்லியிருந்தால், கூட்டு வியாபாரம் என்று மலாய்க்காரன், சீனன், செட்டி எல்லாருக்கும் விளங்கியிருக்கும். ஒரு அறையோடு போயிருக்கும். துரை மரியாதையான வார்த்தையாய்ப் பார்த்து எடுத்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னதும் செட்டியாரும் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் தான் தப்பாகச் சொல்லிவிட்டதாக அங்கே போய்ச் சொல்ல முடியாது என்றார். சொன்னால் தன் தலை போகும் என்றார். அவர் பெண்டாட்டி கதவுக்குப் பின்னால் கைப்பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள். அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்து, அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

"அந்த ஆபீசருக்கு வேண்டியது ஒரு முதலாளி. ஆளைக் காட்டிட்டா விட்டுடுவான். இல்லன்னா நாளைக்கு மேலே உன் புருஷன் தாங்க மாட்டான்" என்றார்.

"முதலாளி நான்தான்" என்றேன். பத்திரத்தில் இருந்த இன்னொரு பேர் என்னுடையதுதானே.

மறுநாள் காலையில் செட்டியாரோடு போனேன். போலீஸ் கட்டடத்துப் பின்கட்டில் ஆபீசர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றான். செட்டியார் மலாயில் கேட்க, நான் சொல்ல, அவர் அதைத் திருப்பிச் சொன்னார். கடை எனக்குச் சொந்தம். அந்த ஆள் என் கடைக் கூலி, புத்தி கொஞ்சம் பேதலித்தவன், வாயில் வந்ததை உளறுவான். புருஷன் என்று ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை.

ஆபீசர் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு என் வீட்டுக்காரரை இழுத்து வரச் சொன்னான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் அந்த ஒற்றைக் கண்ணில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம்.

ஆபீசர் என்னவோ சொன்னான். செட்டியார் தரையைப் பார்த்துக்கொண்டே மலாயில் சொன்னார்: "கூலி பொய் சொன்னால் முதலாளி அடிக்கணுமாம். அடிச்சுக் காட்டு."

நான் போய் லேசாகக் கன்னத்தில் தட்டினேன். ஆபீசர் சிரித்துவிட்டு என்னைத் திருப்பி, எப்படி அடிக்க வேண்டும் என்று என் கன்னத்திலேயே காட்டிக்கொடுத்தான். நான் சுவரில் மோதி எழுந்தபோது வாயெல்லாம் ரத்தம். "மோத்தோ" என்றான். இன்னும் பலமாய் என்று அர்த்தம்.

அடித்தேன். அடித்துக்கொண்டே தமிழில் கத்தினேன். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் ரெண்டு பேர்தான். "கடை என்னுதுன்னு சொல்லிட்டேங்க! நீங்க கூலின்னு சொல்லியிருக்கேன், தலையாட்டுங்க, தயவுபண்ணி வாயத் தொறக்காதீங்க!" கேட்கிறவனுக்கு வசவு மாதிரி இருக்க வேண்டுமென்று தொண்டை கிழியக் கத்தினேன். கைதான் நீ என்றது, வாய் நீங்க என்றே சொன்னது.

அந்த மனுஷர் தலையை ஆட்டினார், இல்லை என்று. கடை என்னுடையது என்றால் அடுத்த அடி எனக்கு விழும் என்பது அவர் கணக்கு. "நீ போயிடு பிள்ள, உன்னைக் கொன்னுடுவானுங்க" என்று தமிழில் முனகிவிட்டு, ஆபீசரைப் பார்த்து மலாயில் ஆரம்பித்தார்: "இவளுது இல்ல துவான். கொம்..."

அந்த வார்த்தை முடியக் கூடாது. கையில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அறைந்தேன். அது நடிப்பு இல்லை. என்னுது என்று ஒரே சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் விஷயத்துக்கு இப்படிச் சாகக் கிடக்கிறாரே என்ற ஆத்திரம், எனக்காக அந்த நிலைமையிலும் தலையை நீட்டுகிறாரே என்ற ஆத்திரம், எல்லாம் அந்தக் கையில் இருந்தது. அவர் மறுபடி வாயைத் திறந்தார், மறுபடி அறைந்தேன். சோல்ஜர்கள் சிரித்தார்கள். கீழே விழுந்தவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி அறைந்தேன். கடைசியில் அவர் என்னையே பார்த்துக்கொண்டு மெதுவாக மலாயில் சொன்னார். கடை இவளுடையது.

ஆபீசருக்குத் திருப்தி. எண்ணெய்ப் பீப்பாய் அத்தனையையும் அனுப்பிவிட வேண்டும், காய்ச்சுகிற சவுக்காரத்தில் பாதியை அவர்களுக்குத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, இவரை வாசலுக்கு உதைத்துத் தள்ளினான்.

ஒரு மாட்டு வண்டிக்காரரைக் கெஞ்சி ஏற்றிக்கொண்டு வந்தேன். வீட்டில் பாயில் கிடத்தி வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தேன். இடது காதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. அந்தக் காது அப்புறம் கடைசிவரை கேட்கவில்லை. எதிரில் நிற்கிறவரை நான் அடித்தால் அந்தப் பக்கம்தான் விழும், நான் வலது கைக்காரி.

"ஏதாவது பேசுங்க. என்னைத் திட்டுங்க, நாலு வார்த்தை வாய்க்கு வந்தபடி திட்டுங்க" என்றேன்.

அவர் நல்ல கையால் என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை சிவந்து வீங்கிக் கிடந்தது.

"கை வலிக்குதா பிள்ள?" என்றார்.

வலிக்குதுங்க என்றேன். ரொம்ப வலித்தது.